70 ஆயிரத்துக்குள் கிராஃபிக்ஸ் கார்டு மாற்றணும், ரிச்சி ஸ்ட்ரீட் கொட்டேஷன் சரியா பார்த்துச் சொல்லுங்கள்

பெரம்பூர் லோகோ

வணக்கம் மக்களே. இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருப்பவன், எழுதுவது முதல் தடவை, தப்பு இருந்தால் திட்டாதீர்கள். என் சிஸ்டம் 2019-இல் கட்டியது. ரைசன் 5 2600 பிராசசர், பி450 மதர்போர்டு, 8+8 என்று 16 ஜிபி டிடிஆர்4 ராம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு. மானிட்டர் 24 இன்ச், 1080பி. எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கிற பெட்டி) கேபினெட்டோடு வந்தது, மேலே 450 வாட் என்று போட்டிருக்கிறது. வேலோரன்ட் ஓடும், ஜிடிஏ 5 ஓடும், சைபர்பங்க் 2077 போட்டால் கல்யாண ஆல்பம் புரட்டுகிற மாதிரி இருக்கிறது. 2025 அக்டோபரோடு இந்தக் கார்டுக்குப் புது கேம் டிரைவரையும் என்விடியா நிறுத்திவிட்டது, இனி பாதுகாப்பு அப்டேட் மட்டும்தானாம். சரி, மாற்றிவிடலாம் என்று சனிக்கிழமை சென்னையின் கம்ப்யூட்டர் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட் போனேன்.

கடைக்காரர் கொடுத்தது: ரைசன் 5 5600ஜி, புது பி450 போர்டு, ஆர்டிஎக்ஸ் 5060 8 ஜிபி கார்டு, "600 வாட் கேமிங் எஸ்எம்பிஎஸ்" (பிராண்டு எழுதவில்லை), கலர் ஃபேன் நாலு. மொத்தம் 69,500. பில் வேண்டாம் என்றால் 66,000. என் பட்ஜெட் 70,000, அதற்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் வீட்டில் பஞ்சாயத்து. வாங்கலாமா?

தாம்பரம் ஃபாஸ்ட்

ஏஎம்4-இல் இன்னும் காசைக் கொட்டாதீர்கள் ப்ரோ, பிராசசர் உட்காருகிற சாக்கெட் அது, 2016-இல் வந்தது. ஏஎம்5-க்குப் போய்விடுங்கள். ரைசன் 5 7600, பி650 போர்டு, 32 ஜிபி டிடிஆர்5. நாலு வருஷம் கழித்து பிராசசரை மட்டும் கழற்றி மாற்றினால் போதும். கார்டு இப்போதைக்கு அதே 5060 இருக்கட்டும்.

பழைய ரிச்சி

தாம்பரம் தம்பி, நீங்கள் கடைசியாக ராம் விலை விசாரித்தது எப்போது? 2025 கடைசியிலிருந்து மெமரி சிப்பை எல்லாம் ஏஐ டேட்டா சென்டர்காரர்கள் லோடு லோடாக அள்ளிக்கொண்டு போகிறார்கள். மைக்ரான் தன்னுடைய க்ரூஷியல் பிராண்டு ராமையே நம்மைப் போன்றவர்களுக்கு விற்பதில்லை என்று டிசம்பரில் சொல்லிவிட்டது. காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. கையில் 16 ஜிபி டிடிஆர்4 வைத்திருக்கிற மனிதரை அதைத் தூக்கிப் போட்டுவிட்டு டிடிஆர்5 வாங்கச் சொன்னால், 70,000-இல் பாதி கார்டுக்குக்கூட மிஞ்சாது.

லோகோ, உங்கள் கொட்டேஷனுக்கு வருகிறேன். அந்த 5600ஜி-யை முதலில் அடியுங்கள். பெயர் ரைசன் 5 5600 மாதிரி இருக்கும், ஆனால் அதே சரக்கு இல்லை. உள்ளே குட்டி கிராஃபிக்ஸ் வைக்க இடம் வேண்டும் என்று கேஷை, அதாவது பிராசசர் கைக்கெட்டும் குட்டி மெமரியை, பாதியாக்கிவிட்டார்கள், 5600-இல் 32 எம்பி, 5600ஜி-யில் 16 எம்பி. கார்டோடு பேசுகிற வழியான பிசிஐஇ-யும் பழைய 3.0-தான். தனியாக கார்டு வாங்காதவனுக்கு அது நல்ல பிராசசர், கார்டு வாங்குகிற உங்களுக்கு எதற்கு?

அப்புறம் புது பி450 போர்டு. உங்களிடம் இருப்பதே பி450! பயாஸை (போர்டை எழுப்புகிற சாஃப்ட்வேர்) அப்டேட் செய்தால் 5600 அதிலேயே உட்காரும். இருக்கிற பசு மாட்டையே திரும்ப உங்களுக்கு விற்கிறார்.

பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீதம் ஜிஎஸ்டி மிச்சம் என்று தோன்றும். கார்டுக்கு வழக்கமாக மூன்று வருஷம் வாரண்டி. இரண்டாவது வருஷம் ஃபேன் நின்றுபோய் சர்வீஸ் சென்டரில் போய் நிற்கும்போது சீரியல் நம்பரோடு பில் கேட்பார்கள். நான் ஒரு தடவை அப்படிக் கையை விரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன், 14,000 ரூபாய் கார்டு இன்றைக்கும் அலமாரியில் பொம்மையாக இருக்கிறது.

ஒரு வேலை செய்யுங்கள். கேபினெட்டின் பக்கத்து மூடியைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் +12வி என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

எட்டு ஜிபி போதும்

என் பெயரைப் பார்த்தாலே என் கட்சி தெரியும். 1080பி மானிட்டர்தானே? 5060 தாராளமாகப் போதும். 145 வாட்தான் குடிக்கும். யூடியூபில் எல்லாவற்றையும் அல்ட்ராவில் வைத்து "8 ஜிபி செத்துவிட்டது" என்று ஒப்பாரி வைக்கிறார்கள், டெக்ஸ்சரை ஒரு படி இறக்கி வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. 5600ஜி-க்கும் ஒரு வார்த்தை பேசுகிறேன்: கார்டு சர்வீஸுக்குப் போய் மூன்று வாரம் திரும்பி வராதபோது, குட்டி கிராஃபிக்ஸ் இருக்கிறவன் வீட்டில் மட்டும்தான் திரை எரியும்.

பழைய ரிச்சி

கடைசியில் சொன்னது நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 5060-ஐ எந்த போர்டில் செருகப் போகிறார் என்று பார்க்காமல் போதும் என்று சொல்லாதீர்கள்.

5060-க்கு எட்டு லேன்தான் (தகவல் போகிற பாதை), நீளமான ஸ்லாட்டில் உட்கார்ந்தாலும் பாதி ஸ்லாட் வேலையே செய்யாது. பிசிஐஇ 5.0 போர்டில் எட்டு லேனில் நொடிக்குச் சுமார் 32 ஜிபி போகும். பி450-இல் 3.0, அதே எட்டு லேனில் சுமார் 8 ஜிபி. நாலில் ஒரு பங்கு. கேம் 8 ஜிபி-க்குள் அடங்குகிற வரைக்கும் இது பெரிதாகத் தெரியாது. தாண்டுகிற அன்றைக்குத்தான் கூத்து. சமையல் மேடையில் இடம் இல்லாமல் மளிகையை மொட்டை மாடி ரூமில் வைத்த கதை, கடுகுக்கு ஒரு தடவை, மிளகாய்க்கு ஒரு தடவை மாடி ஏறணும். அந்த மாடிப்படிதான் இந்த லேன். படியே ஒடுங்கியிருந்தால் தாளிக்கிற எண்ணெய் கருகிவிடும். திரையில் சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) 70 என்று காட்டும், ஆனால் தெருமுனை திரும்பும்போதெல்லாம் அரை நொடி உறைந்து நிற்கும். சுவரில் ஒட்டிய போஸ்டர் மங்கலாகவே இருந்து, நீங்கள் தாண்டிப் போன பிறகு தெளிவாகும்.

இதைவிடக் கொஞ்சம் கூடுதல் விலையில் ஏஎம்டி-யின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி இருக்கிறது. அதற்கு 16 லேன். பழைய போர்டில் மாட்டுகிறவனுக்கு அது எவ்வளவோ மேல். 8 ஜிபி-யிலும் அதே பெயரில் ஒன்று இருக்கிறது, டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்கணும்.

கோடம்பாக்கம் பிரிட்ஜ்

இன்டெல் ஆர்க் பி580 பார்த்தீர்களா? 12 ஜிபி, விலையும் குறைச்சல்.

பழைய ரிச்சி

நல்ல கார்டுதான், ஆனால் பழைய பிராசசரோடு சேராது. அதன் டிரைவர் பிராசசரிடம் ரொம்ப வேலை வாங்கும், கார்டின் முழு மெமரியையும் பிராசசர் ஒரே மூச்சில் தொட விடுகிற ரீசைசபிள் பார் இல்லாவிட்டால் இன்னும் மோசம். 2600-இல் மாட்டினால் கொடுத்த காசுக்குப் பாதிதான் கிடைக்கும். 7600 மாதிரி புதுசு வைத்திருப்பவர் வாங்கட்டும்.

பெரம்பூர் லோகோ

அண்ணா, ஸ்டிக்கர் பார்த்தேன். டார்ச் அடித்து, தூசி துடைத்து, இரண்டு தும்மல் போட்டுப் பார்த்ததில் +12வி 18 ஏ என்று இருக்கிறது.

பழைய ரிச்சி

18-ஐ 12-ஆல் பெருக்குங்கள், 216. பிராசசரும் கார்டும் தின்பது 12 வோல்ட் லைனில்தான். அப்படியென்றால் உங்களிடம் இருப்பது 450 வாட் இல்லை, 216 வாட். 1050 டிஐ வெறும் 75 வாட், தனி பவர் ஒயர்கூடத் தேவைப்படாத கார்டு, அதனால்தான் ஏழு வருஷம் வண்டி ஓடியது. புதுக் கார்டை இதில் மாட்டினால் கேம் ஆரம்பித்த பத்தாவது நிமிஷம் அணைந்து அணைந்து எழும், அல்லது ஒரு நாள் போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

அந்த "600 வாட் கேமிங்" பெட்டியும் இதன் அண்ணன்தான் என்று என் சந்தேகம். கடையில் பெட்டியைப் பிரித்து இதே கட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். 12 வோல்ட்டில் மட்டும் 500 வாட்டுக்கு மேல் இருக்கணும். 80 பிளஸ் முத்திரை இருந்தால் நல்லது, ஆனால் அது கரண்ட் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்றிதழ்தான், உள்ளே பாதுகாப்பு சர்க்யூட் ஒழுங்காக இருக்கிறதா என்பதற்கு இல்லை. ஐந்து வருஷமோ அதற்கு மேலோ வாரண்டி கொடுக்கிற மாடலாக எடுங்கள், கம்பெனிக்காரனுக்கே அவன் பொருள் மேல் நம்பிக்கை இருக்கிறதா என்று அதில் தெரியும்.

எட்டு ஜிபி போதும்

செகண்ட் ஹேண்ட் பார்க்கலாமே? ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி பாதி விலைக்குக் கிடைக்குமே.

கடலோரக் கேபினெட்

செகண்ட் ஹேண்டா, என் கதையைக் கேளுங்கள். நாலு வருஷம் முன்னால் ஆன்லைனில் ஒருத்தரிடம் ஆர்எக்ஸ் 580 வாங்கினேன், வடபழனி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டீக்கடையில் வைத்துக் கைமாற்றினோம். வீட்டுக்கு வந்து கார்டின் விவரம் காட்டுகிற ஜிபியு-இசட் சாஃப்ட்வேரைப் போட்டால் ஷேடர் (கார்டில் கணக்குப் போடுகிற கோர்) 2048 என்கிறது. உண்மையான 580-க்கு 2304. பெயரில்தான் 580, உள்ளே 570. ஆளுடைய போன் அன்றைக்கு ராத்திரியே ஸ்விட்ச் ஆஃப். இதைவிட மோசமும் உண்டு, ஆதிகாலத்து ஜிடிஎஸ் 450-இன் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று விற்பார்கள். எத்திரியம் கிரிப்டோ காசை கார்டு வைத்து உருவாக்குகிற மைனிங் முறையை 2022 செப்டம்பரில் கைவிட்ட பிறகு மைனிங் கார்டு மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தது, அதில் கொஞ்சம் இன்னும் கை மாறிக்கொண்டே இருக்கிறது. வாங்குவதென்றால் விற்பவர் வீட்டிலேயே மாட்டி, அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். டீக்கடை வேண்டாம்.

இன்னொன்று, யாரும் இங்கே வெயிலைப் பற்றிப் பேசவில்லை. யூடியூபில் ரிவ்யூ போடுகிறவர் ரூமில் 21 டிகிரி. மே மாதம் ஏசி இல்லாத நம் ரூமில் 34. அங்கே கார்டு 68 காட்டினால் இங்கே 80-ஐத் தொடும், ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி கத்தும். முன்பக்கம் கண்ணாடி போட்ட கேபினெட் பார்க்க அழகு, காற்று வர வழி இல்லை. அந்த நாலு கலர் ஃபேன் காசுக்கு முன்பக்கம் வலை போட்ட கேபினெட் தேறுமா பாருங்கள். நான் பெசன்ட் நகர், எனக்கு உப்புக் காற்று வேறு. என் கேபினெட் திருகு எல்லாம் துருப்பிடித்து, ஒன்றைக் கழற்ற தேங்காய் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வைத்தேன்.

பெரம்பூர் லோகோ

எல்லோருக்கும் நன்றி. 9060 எக்ஸ்டி 16 ஜிபி என்று மனதில் முடிவு பண்ணிவிட்டேன். சொல்ல மறந்தது ஒன்று, என் தம்பி கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறான், ராத்திரியில் அவனும் இதே சிஸ்டத்தில்தான் உட்காருவான். அதனால் ஏதாவது மாறுமா?

மண்டப வீடியோ

மாறுமாவா? எல்லாமே மாறும் நண்பா, இதை முதல் வரியில் சொல்லியிருக்கணும்! தம்பியிடம் கேமராவில் எந்த ஃபார்மட்டில் ஷூட் பண்ணுகிறான் என்று கேளுங்கள். 4:2:2 10-பிட் என்று சொன்னால் கார்டு தேர்வு அங்கேயே முடிந்துவிட்டது.

பெரம்பூர் லோகோ

ஆமாம், அதேதான் சொல்கிறான். 4கே, 4:2:2 10-பிட். டைம்லைனில் போட்டால் முகூர்த்தம் முடிவதற்குள் விடிந்துவிடும் என்கிறான்.

மண்டப வீடியோ

அதுதான். அந்த ஃபைலில் கலர் விவரம் அதிகம், மெரூன் பட்டும் மஞ்சள் கயிறும் மேடை எல்ஈடி வெளிச்சத்தில் கலர் பிசகாமல் இருக்க வேண்டும் என்றுதான் நாங்கள் அதில் எடுக்கிறோம். ஆனால் அதைப் பிரித்துக் காட்ட கார்டில் தனி வசதி வேண்டும். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அது வந்தது. என்னிடம் முன்பு 3060 இருந்தது, அதில் இல்லை, முழு பாரமும் பிராசசர் தலையில் விழும், பிளே அழுத்தினால் நாதஸ்வரம் ஓடும், படம் நிற்கும். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ப்ராக்ஸி (எடிட்டுக்கு லேசான நகல்) போட்டே என் பாதி ராத்திரி போனது. ஏஎம்டி 9060 எக்ஸ்டி-யிலும் அந்த வசதி இல்லை. இன்டெல்லின் புது பிராசசரில் குட்டி கிராஃபிக்ஸ் இருக்கிற மாடல்களில் ஹெச்இவிசி (வீடியோ சுருக்கும் முறை) 4:2:2-ஐப் பிரிக்கிற வசதி உண்டு, ஆனால் அதற்கு போர்டு, பிராசசர் எல்லாம் மாற்றணும்.

என் ஓட்டு ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி. நாய்ஸ் ரிடக்ஷன் போட்டால் 4கே டைம்லைன் மெமரியை எப்படிக் குடிக்கும் என்று தம்பிக்குத் தெரியும். எடிட்டிங் சாஃப்ட்வேரையும் புது வெர்ஷனுக்கு மாற்றச் சொல்லுங்கள், பழசுக்கு இந்த வசதி இருப்பதே தெரியாது.

தாம்பரம் ஃபாஸ்ட்

அதற்கும் எட்டு லேன்தானே? ரிச்சி அண்ணா இவ்வளவு நேரம் சொன்ன மாடிப்படி கதை என்ன ஆனது?

பழைய ரிச்சி

நல்லா மடக்கினீர்கள். எட்டு லேன்தான். ஆனால் 16 ஜிபி மேடை இருந்தால் மாடிக்கு ஓட வேண்டிய வேலையே வராது, அதனால் 3.0-இல் இழப்பு சொற்பம். விளையாட மட்டும் என்றால் இப்போதும் 9060 எக்ஸ்டி என்றுதான் சொல்வேன். தம்பி சம்பாதிக்கிற கையென்றால் மண்டபக்காரர் சொல்வதுதான் சரி, கேமால் காசு வராது, முகூர்த்தத்தால் வரும்.

கணக்குப் போடுங்கள். போர்டு வேண்டாம், ராம் வேண்டாம், கலர் ஃபேன் வேண்டாம். மிச்சத்தில் 5600, 5060 டிஐ 16 ஜிபி, நல்ல 650 வாட் எஸ்எம்பிஎஸ், மூன்றும் 70-க்குள் அடங்கணும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே கடையில் நிற்காதீர்கள். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, நரசிங்கபுரம் தெரு வரைக்கும் நடந்து நாலு கடையில் அதே மாடல் நம்பரைக் காட்டி விலை கேளுங்கள். "அது ஸ்டாக் இல்லை, இதுவும் அதே மாதிரிதான்" என்று எவராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடை.

மாட்டும்போது வரிசை முக்கியம். பழைய 2600 போர்டில் இருக்கும்போதே பயாஸ் அப்டேட் செய்யணும், கழற்றிவிட்டால் 5600-ஐ அந்த போர்டுக்கு அடையாளம் தெரியாது, திரை இருட்டாகவே நிற்கும். அப்டேட் ஓடும்போது கரண்ட் போகக் கூடாது, யூபிஎஸ்-இல் வைத்துச் செய்யுங்கள். கூலரைக் கழற்றுவதற்கு முன்னால் பத்து நிமிஷம் கேம் ஓட்டி பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் இருக்கிற பேஸ்ட்டைச் சூடாக்குங்கள், அப்புறம் கூலரை நேராக இழுக்காமல் மெதுவாகத் திருகி எடுங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க் பூட்டு) இருந்தால் ரெகவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு ஜிபி போதும்

கரண்ட் பில்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி எடிட்டிங், சாயங்காலம் கேம் என்று தினம் நாலு மணி நேரம் 350 வாட் போனால் இரண்டு மாதத்துக்கு 84 யூனிட். இலவசமாக வருகிற யூனிட்டில் பெரும் பங்கை இந்தப் பெட்டியே தின்றுவிடும். அப்புறம் ஃபிரிட்ஜுக்கு யார் கட்டுவது?

பெரம்பூர் லோகோ

ஒன்பது நாள் ஆகிவிட்டது, வந்து சொல்லாமல் விட்டால் மரியாதை இல்லை. வாங்கியாச்சு. பில்லோடு 68,900. மூன்றாவது கடையில் "இதுவும் அதே மாதிரிதான்" வசனம் வந்தது, 8 ஜிபி டப்பாவைக் கையில் கொடுத்தார்கள், அடுத்த கடைக்கு நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டினோம். சொன்னபடி சூடாக்கி, திருகித்தான் எடுத்தேன், இருந்தும் 2600 கூலரோடு ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து படக்கென்று பிய்த்துக்கொண்டு வந்தது. நாலு பின் வளைந்துவிட்டது. தம்பி மைக்ரோ டிப் பென்சிலில் முள்ளை எடுத்துவிட்டு, அந்த ஓட்டைக்குள் ஒவ்வொரு பின்னாக நுழைத்து நிமிர்த்தினான், ஒரு மணி நேரம் வீட்டில் யாரும் ஃபேன்கூடப் போடவில்லை. 2600 பிழைத்துவிட்டது, அத்தை பையனுக்குக் கொடுக்கிறோம்.

5600 போட்டு ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் ஒரு பக்கத்துக்கு ஆங்கிலம், எஃப்டிபிஎம் (பிராசசருக்குள் பூட்டுச் சாவி வைக்கிற இடம்) கெட்டுவிட்டது, ஒய் அழுத்தவா என் அழுத்தவா என்று. உயிரே போய்விட்டது. பிறகுதான் பிட்லாக்கர் கீ ஏன் எழுதச் சொன்னீர்கள் என்று புரிந்தது. ஒய் அழுத்தினேன், விண்டோஸ் கீயைக் கேட்டது, கொடுத்தேன், வந்துவிட்டது.

இப்போது ஒரே ஒரு தொல்லை. செருப்பில்லாமல் கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருசுரு என்று இழுக்கிறது. எஸ்எம்பிஎஸ் பழுதா? திருப்பிக் கொடுக்கணுமா?

பழைய ரிச்சி

எஸ்எம்பிஎஸ் மேல் பழி போடாதீர்கள். நல்ல எஸ்எம்பிஎஸ்-இல் உள்ளே ஃபில்டர் கெப்பாசிட்டர் இருக்கும், அது கொஞ்சமாக கரண்ட்டை எர்த் ஒயரில் இறக்கிவிடும். எர்த் இல்லாத பிளக்கில் அது இறங்க இடமில்லாமல் கேபினெட்டில் நிற்கும். எதில் செருகியிருக்கிறீர்கள்?

பெரம்பூர் லோகோ

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்... அதன் மூன்றாவது பின்னை, சுவர் ஓட்டையில் போகவில்லை என்று அப்பா எப்போதோ உடைத்துவிட்டார்.

பழைய ரிச்சி

அந்த பாக்ஸை இன்றைக்கே குப்பையில் போடுங்கள். சுவர் பிளக்கிலும் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பெரம்பூரில் பழைய வீடென்றால் பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் ஒயர் இருக்காது. அதுவரைக்கும் சிஸ்டத்தை ஆன் பண்ணாதீர்கள், ரப்பர் செருப்பு இதற்கு வைத்தியம் இல்லை.

பெரம்பூர் லோகோ

நாளைக்குக் காலையில் வருவதாக எலக்ட்ரீஷியன் சொல்லியிருக்கிறார். தம்பிதான் முறைக்கிறான், வெள்ளிக்கிழமை ஒரு ரிசப்ஷன் வீடியோ கொடுக்கணுமாம். அந்த 4:2:2 ஃபைல் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது, இரண்டு நாளாகச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். சைபர்பங்கை நான் இன்னும் இன்ஸ்டால்கூடச் செய்யவில்லை, சீட் காலியானால்தானே.